கூட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் 950 அடி போர்வெல்: வழக்குப் போட்டால் தண்ணீர் திரும்புமா?

திண்டுக்கல் மாவட்டத்தின் வறண்ட வட்டாரம் ஒன்றிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மூன்று ஏக்கர் நிலத்தை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒரு ஏக்கர் முருங்கை, ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், மீதியில் மாட்டுக்குத் தீவனம். பாசனம் 75 அடி ஆழக் கூட்டுக் கிணற்றில். கணவரின் தாத்தா காலத்துக் கிணறு அது. 1979-ல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்று மகன்களுக்கும் ‘3-ல் 1 பாகம், முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதியிருக்கிறது. ஒரு 5 எச்.பி. மோட்டார், ஒரே இலவச மின் இணைப்பு. இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாள் முறை.

இரண்டு வருடம் முன்பு கணவரின் பெரியப்பா மகன், கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி, தன் பட்டா நிலத்தில் 950 அடிக்குப் போர் போட்டார். தண்ணீர் நன்றாகக் கிடைத்தது. தென்னை வைத்தார். அதோடு, வாரத்துக்கு நாலைந்து டிராக்டர் டேங்கர் தண்ணீரைக் கட்டட வேலைக்கும் மண்டபத்துக்கும் விற்கிறார். போர் மோட்டாருக்கு மின்சாரம் கூட்டுக் கிணற்று மோட்டார் ரூமிலிருந்துதான் போகிறது. முன்பெல்லாம் வைகாசியில்கூட 20 அடித் தண்ணீர் நிற்கும் கிணற்றில், இப்போது இவருடைய முறை நாளில் 40 நிமிடம் ஓடியதும் மோட்டார் காற்றை இழுக்கிறது. கேட்டால், “என் நிலம், என் போர், நீயும் போட்டுக்கோ” என்கிறார் அந்தப் பங்காளி. மூன்றாவது பங்குதாரரான சின்ன மாமனார் வயதானவர், இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள்: 40 வருடத்துக்கு மேல் அனுபவித்த தண்ணீர் என்பதால் அந்தப் போரை மூடச் சொல்லி வழக்குப் போடலாமா? நீரோட்டம் பார்க்கும் பெரியவர், ‘வடகிழக்கிலிருந்து கிணற்றுக்கு வந்த நீரோட்டத்தை அந்தப் போர் வெட்டிவிட்டது’ என்கிறார், அது சாட்சியாகுமா? நகையை அடகு வைத்து நான்கு லட்சத்தில் 1200 அடி போர் போடலாமா? இல்லை, கிணற்றுப் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கிவிடலாமா?

அன்புச் சகோதரி,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஆத்திரத்தில் ஒரு நாள் அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று தோன்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இன்றைக்கு வரை நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒயரைத் தொட்ட மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் எதிரி, அவர் புகார்தாரர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி உரிமைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: கிணறு, கிணற்றுக்குப் போகும் பாதையும் வாய்க்காலும், பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர். சட்டம் இவை ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகப் பார்க்கிறது. முதல் இரண்டில் நீங்கள் பலமாக இருக்கிறீர்கள். மூன்றாவதில் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் வழக்குப் போட நினைப்பதோ அந்த மூன்றாவதற்குத்தான்.

நாற்பது வருட அனுபவம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

அனுபவ பாத்தியதை என்று நாம் பேச்சில் சொல்வது 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் வருகிறது. 20 வருடம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு பயன்படுத்தினால் பாதை, வாய்க்கால் போன்றவற்றில் உரிமை கிடைக்கும் என்கிறது அதன் 15-ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, எவையெல்லாம் இப்படி நாள்பட்ட அனுபவத்தால் கிடைக்காது என்று ஒரு பட்டியல் போடுகிறது. வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 40 வருடமானாலும் 100 வருடமானாலும் இதுதான் நிலை. 7-ஆவது பிரிவின் விளக்கமோ இன்னும் ஒரு படி மேலே போய், தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் அப்படிப்பட்ட தண்ணீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை என்கிறது. ‘என் நிலம், என் போர்’ என்று உங்கள் பங்காளி சொல்வதற்கு ஆதாரம் அதுதான். அவருக்கு அந்தப் பிரிவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவருடைய வக்கீலுக்குத் தெரியும்.

19-ஆம் நூற்றாண்டில், மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் எழுதிய சட்டம் அது. ஒருவர் தன் நிலத்தில் இறைத்துப் பக்கத்துக் கிணற்றை எளிதில் வற்ற வைக்க முடியாத காலம். 950 அடிக்குப் போகும் ரிக் வண்டிக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கும் அது பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது என்பதுதான் என் கருத்து. ஆனால் நீதிமன்றத்தில் என் கருத்தை வைத்து நீங்கள் தடையாணை வாங்க முடியாதே.

நீரோட்டம் பார்ப்பவர் சொன்னதும் இங்கேதான் வருகிறது. பூமிக்குள் ஆறு மாதிரி ஒரு தடம் ஓடுகிறது, அதைப் பங்காளியின் போர் வெட்டிவிட்டது என்று நிரூபித்தால் சட்டம் வேறு மாதிரி பேசும். ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. தேங்காய் நிமிர்ந்து நின்றது, வேப்பங்குச்சி சுழன்றது என்பதெல்லாம் சாட்சியாகாது. அதைவிட, உங்கள் பகுதி நிலவியலே இதற்கு எதிராக இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப் பாறை, திண்டுக்கல்லும் அதில்தான் பெரும்பாலும் வருகிறது. மேலே கொஞ்ச ஆழத்துக்குச் சிதைந்த பாறை. உங்கள் கிணற்று ஊற்று அங்கிருந்துதான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்புகள். போர் அந்த வெடிப்புகளிலிருந்து இழுக்கிறது. மேல் அடுக்கும் வெடிப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருப்பதால் போர் ஓட ஓட மேலே இருக்கும் தண்ணீர் கீழே இறங்குகிறது. ஒரே குதிரில் இரண்டு குடும்பம் நெல் அள்ளுகிற மாதிரி. இதில் ‘வரையறுத்த தடம்’ என்று காட்ட எதுவும் இல்லை.

மாநில அளவில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. கலெக்டர் நினைத்தால் அந்தப் போருக்கு சீல் வைத்துவிடலாம் என்று உங்களுக்கு யாரோ சொன்னது அந்தச் சட்டத்தை மனதில் வைத்து இருக்கலாம். தண்ணீர் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் பேசியிருப்பது உண்மை. பிளாச்சிமடை வழக்கில் 2003-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதையே நிலத்தடி நீருக்கும் பொருத்தினார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. அதுவும் ஒரு பெரிய ஆலைக்கும் ஊராட்சிக்கும் நடந்த வழக்கு. இரண்டு விவசாயப் பங்காளிகளுக்குள் அதை ஆயுதமாக எடுத்தால் பல வருடம் இழுக்கும், அதற்குள் உங்கள் முருங்கை காய்ந்துவிடும்.

உங்கள் பலம் எங்கே இருக்கிறது

1979 பத்திரத்தில் இருக்கிறது. ‘3-ல் 1 பாகம்’ என்ற வரி உங்கள் குடும்பத்தைக் கிணற்றின் கூட்டு உடைமையாளர் ஆக்குகிறது. இது வசதியுரிமை இல்லை, சொத்துரிமை. அதனால் கிணற்றை ஆழப்படுத்துவது, உள்ளே பக்கவாட்டில் துளையிட்டு சைடு போர் போடுவது, மோட்டாரை மாற்றுவது, முறை நாளைக் குறைப்பது எதையும் ஒருவர் தன்னிச்சையாகச் செய்ய முடியாது. செய்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பாதையையும் வாய்க்காலையும் யாராவது அடைத்தாலும் அப்படித்தான்.

அவருடைய போர் அவர் நிலத்தில் இருக்கிறது, சரி. ஆனால் அதை ஓட்டும் மின்சாரம் கூட்டு இணைப்பிலிருந்து போகிறது. இங்கேதான் அவர் வசமாகச் சிக்கியிருக்கிறார். கூட்டுக் கிணற்றுக்கு என்று கொடுத்த இணைப்பில், மற்ற இரண்டு பங்குதாரர்களின் சம்மதம் இல்லாமல், மின்வாரிய அனுமதி இல்லாமல் வேறொரு நீர் ஆதாரத்துக்கு மோட்டார் ஓட்டுவது தவறு. விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த மின்சாரத்தில் தண்ணீர் எடுத்து விற்பது அதைவிடப் பெரிய தவறு. அனுமதித்த நோக்கத்துக்கு மாறான பயன்பாடு என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் வரும். உரிய கட்டணத்தின் இரு மடங்கு விதிக்கலாம், எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடலாம்.

உடனே மின்வாரிய அலுவலகத்துக்கு ஓடிவிடாதீர்கள். இணைப்பு தாத்தா பெயரில் இருக்கிறது. அபராதம் அந்த இணைப்பு எண்ணுக்குத்தான் வரும், அதாவது மூன்று குடும்பத்துக்கும். கட்டாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், அதில் உங்கள் முறையும் போகும். புதிதாக ஒரு இலவச விவசாய இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். எனவே புகாரைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தையில் அது உங்கள் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாலே போதும். புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், போருக்குப் போகும் லைனை யார் இழுத்தது, எப்போது இழுத்தது, எங்களுக்குச் சம்மதம் இல்லை என்று பதிவுத் தபாலில் அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அந்த நகலையும் புகாரோடு வையுங்கள். பழி மூன்று பேர் மேலும் விழாமல் இருக்க அது உதவும்.

டேங்கர் விற்பனை தனி விஷயம். வணிக நோக்கில் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கொண்டுபோவதற்கும் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வேண்டும் என்று 2014 ஜூலையில் வந்த பொதுப்பணித் துறை அரசாணை 142 சொல்கிறது. தமிழ்நாட்டில் குறுவட்டம் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு, ஃபிர்கா) வாரியாக நிலத்தடி நீரை மதிப்பிட்டு வகைப்படுத்துகிறார்கள். ஒரு வருடத்தில் ஊறுவதைவிட அதிகமாக, 100 சதவீதத்தைத் தாண்டி எடுக்கும் குறுவட்டம் ‘அதிநுகர்வு’ வகை. உங்கள் குறுவட்டம் எந்த வகை என்று தாசில்தார் அலுவலகத்திலோ நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவிலோ தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். அதிநுகர்வு வகை என்றால் டேங்கர் விற்பனைக்கு அனுமதி வாங்குவது அவருக்குக் கஷ்டம். அவர் தன் தென்னைக்கு இறைப்பதை உங்களால் நிறுத்த முடியாது, ஆனால் ஊருக்கு விற்பதை நிறுத்த வழி இருக்கிறது. என் கணக்கில் அதுவே உங்கள் பிரச்சினையில் கணிசமான பகுதியைக் குறைக்கும்.

நகையை அடகு வைத்து 1200 அடி?

இதற்கு என் பதில் ‘வேண்டாம்’. வக்கீலாகச் சொல்வதைவிட, இந்த மாதிரிக் குடும்பங்களின் கடன் பத்திரங்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கடினப் பாறையில் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் கூடும் என்று நினைப்பது தவறு. பொதுவாக ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறையும், இறுகும். 1200 அடியில் புகை மட்டும் வந்த போர்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை என்று ரிக் வண்டிக்காரரையே கேளுங்கள், மறைக்காமல் சொல்லுவார். தண்ணீர் கிடைத்தாலும் உங்கள் பங்காளி அடுத்த வருடம் 1400 போடுவார். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்ததே, அந்த வருடம் உங்கள் ஊரில் யார் போர் நின்றது, யார் போர் ஓடியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆழத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இருந்திருக்காது.

இன்னொன்று. போர் போட்டால் அதற்கு மின்சாரம்? அதே கூட்டு இணைப்பிலிருந்து எடுத்தால், அவர் மேல் நீங்கள் சொல்லும் குற்றத்தை நீங்களே செய்தவராவீர்கள்.

இந்த இடத்தில் கடிதத்தின் நடுவில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி. 2013-ல் மாமனார் போட்டுத் தண்ணீர் வராமல் விட்ட போர் ஒன்று ‘மேலே கல்லும் சாக்கும் போட்டு’ இருக்கிறது என்கிறீர்கள். இதைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இப்படி ஒரு குழியில் விழுந்து இறந்ததை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கைவிட்ட போரை அடிமட்டத்திலிருந்து தரை மட்டம் வரை மண், கல், மணல் கொண்டு நிரப்ப வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதுப் போர் போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. பங்காளி அதைச் செய்தாரா என்று கேட்பதற்கு முன் உங்கள் குழியை மூடுங்கள். இந்த வாரமே மூடுங்கள்.

பங்கை விற்றுவிடலாமா?

விற்க முடியுமா என்பதே கேள்வி. பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் ஒரே மகன், அதனால் எல்லாம் அவருக்குத்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு நாத்தனார்கள் இருக்கிறார்களே. மாமியாரும் இருக்கிறார். ஆளுக்கு எவ்வளவு என்பது சொத்து வந்த வழியைப் பொறுத்து மாறும், ஆனால் மகள்களுக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமே வேண்டாம். கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது என்பதெல்லாம் இங்கே பேச முடியாது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் கிணற்றுப் பங்கை விற்கவும் முடியாது, பங்காளியோடு செல்லுபடியாகிற ஒப்பந்தம் போடவும் முடியாது.

விற்க முடிந்தாலும் விற்காதீர்கள். அந்த ஒற்றை வரியை விற்றால் உங்கள் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் ஆகிவிடும், விலையும் அதற்குத் தக்கபடி இறங்கும். வாங்கப்போவதும் பெரும்பாலும் அதே பங்காளியாகத்தான் இருப்பார்.

அதனால் முதல் வேலையாக வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவற்றைத் தொடங்குங்கள். கணவர், மாமியார், நாத்தனார்கள் எல்லோரிடமும் உங்கள் பெயருக்குப் பவர் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வழக்கு என்று வந்தால், பவர் வைத்திருப்பவர் தனக்கு நேரில் தெரிந்ததைத்தான் சாட்சி சொல்ல முடியும். உங்கள் விஷயத்தில் அது நல்லதுதான், மோட்டார் எப்போது காற்றை இழுத்தது என்று திருப்பூரில் இருப்பவரைவிட உங்களுக்குத்தானே தெரியும்.

ஒரு கயிறும் ஒரு நோட்டும்

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். ‘அவர் போர் ஓடுவதால்தான் என் கிணறு வற்றுகிறது’ என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அவர் ‘மழை இல்லை, அதனால் வற்றுகிறது’ என்பார். இரண்டில் எது உண்மை என்று இன்றைய தேதியில் உங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

ஒரு நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு, யாரும் மோட்டார் போடுவதற்கு முன், கிணற்று மேட்டின் ஒரே இடத்திலிருந்து இறக்கித் தண்ணீர் எத்தனையாவது அடியில் தட்டுகிறது என்று பாருங்கள். நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, தண்ணீர் மட்டம், மழை பெய்ததா, போர் எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிறுத்தினார், டேங்கர் வந்ததா. முறை நாளில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் எழுதுங்கள். மின்வெட்டிலோ பழுதிலோ போர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நிற்கும்போது கிணற்றில் ஊற்று எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் இந்த நோட்டின் உயிர். மழை இல்லாத வாரத்தில், போர் நின்ற மூன்று நாளில் தண்ணீர் நாலு அடி ஏறியிருந்தால், அவருடைய ‘மழை இல்லை’ வாதத்துக்கு நோட்டே பதில் சொல்லிவிடும். ஏறவே இல்லை என்றால்? அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய உண்மைதான், வழக்குச் செலவாவது மிஞ்சும். சின்ன மாமனாரை வாரத்துக்கு ஒரு முறை அந்த நோட்டில் கையெழுத்துப் போட வையுங்கள். பேசாத மனிதர் கையெழுத்தாவது போடட்டும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஆந்திராவின் ஏழு வறட்சி மாவட்டங்களில் 2000-களில் விவசாயிகளே மழை அளந்து, கிணற்று மட்டம் பார்த்து, ஊர்ச் சுவரில் எழுதி, பருவம் தொடங்கும் முன் உட்கார்ந்து ‘இந்த வருடம் இவ்வளவுதான் தண்ணீர், என்ன பயிர் வைக்கலாம்’ என்று பேசினார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கு கண் முன்னால் இருந்ததால் பலர் நெல்லைக் குறைத்தார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் இன்னும் கறாராகப் போய், பாசனத்துக்குப் போர் போடுவதையே ஊர்க் கட்டுப்பாடாக நிறுத்தியது. உங்களுக்கு ஊரெல்லாம் வேண்டாம், மூன்று குடும்பம் உட்கார்ந்தால் போதும்.

உங்கள் பங்காளி ஏன் உட்கார வேண்டும்? ஒன்று, மின்சாரமும் டேங்கரும் அவருக்குத் தலைவலி. இரண்டு, தென்னை வைத்த மனிதர் அவர். வெங்காயத்தை ஒரு பருவம் விட்டுவிடலாம், தென்னையை விட முடியாது. அடுத்த வறட்சியில் போர் நின்றால் உங்களைவிட அவருக்குத்தான் நஷ்டம். அவருடைய போருக்கும் தண்ணீர் மேல் அடுக்கிலிருந்து கசிந்துதான் வரவேண்டும் என்பதை உங்கள் நோட்டு அவருக்கும் காட்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இவற்றைச் சேர்ப்பேன். போர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம், கிணற்று மட்டம் ஒரு குறிப்பிட்ட அடிக்குக் கீழே போனால் எத்தனை மணியாகக் குறைய வேண்டும். வெளியே தண்ணீர் விற்பனை இல்லை. மூன்று குடும்பத்தில் யாரும் குறிப்பிட்ட வருடங்களுக்குப் புதுப் போர் போடுவதில்லை. இதில் நீங்களும் கட்டுப்படுவீர்கள். போருக்குத் தனி மின் இணைப்புக்கு அவர் விண்ணப்பிக்க வேண்டும், அது வரும் வரை கூட்டு லைனில் ஓட்டுவதற்கு மின்வாரியத்தின் முறையான அனுமதி வாங்க வேண்டும். தூர் வாரும் செலவு மூன்றில் ஒன்று. ஒவ்வொரு தை மாதமும், வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணற்று மட்டம் பார்த்து, கோடையில் யார் எத்தனை ஏக்கர் வைப்பது என்று எழுதிக் கையெழுத்து.

இதோடு இரண்டு வேலைகள் ஒப்பந்தம் இல்லாமலே நீங்கள் தொடங்கலாம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் இருக்கிறது. முருங்கைக்கு வாய்க்காலில் பாய்ச்சுவதை நிறுத்தினால் அந்த 40 நிமிடத் தண்ணீரே ஓரளவு தாங்கும். மானியத்துக்குச் சிறு விவசாயி சான்று, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) எல்லாம் கேட்பார்கள், அதற்கும் பட்டா மாறுதல் முன்னால் முடிய வேண்டும். இன்னொன்று, மழைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்புவது. நேராகக் கிணற்றுக்குள் விடாதீர்கள், வண்டலும் உர மருந்தும் சேர்ந்து போகும். மேட்டில் ஒரு குழி, அதில் ஜல்லியும் மணலும், அதற்கு அப்புறம் கிணறு.

ஒப்பந்தத்தைச் சும்மா ஒரு முத்திரைத்தாளில் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. பதிவு செய்யுங்கள். அதைவிட நல்ல வழி, உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுப்பது. பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு அங்கே இலவச வக்கீல் கிடைப்பார். வழக்குப் போடும் முன்பே பங்காளியை அழைத்துப் பேசுவார்கள். சமரசம் ஆகி மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாணை வாங்கினால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மீறினால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம், முதலிலிருந்து வழக்கு நடத்த வேண்டியதில்லை.

பங்காளி வரவே மாட்டேன் என்றால் அப்போது வழக்கு. கிணற்றில் உங்கள் 3-ல் 1 பாகத்தை விளம்புகை செய்யவும் (அதாவது, அது உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கவும்), கூட்டு மின் இணைப்பைப் போருக்குப் பயன்படுத்தத் தடை கேட்டும் போடுங்கள். போரை மூடச் சொல்லிக் கேட்காதீர்கள், அதைச் சேர்த்தால் வழக்கின் கவனமே அங்கே போய்விடும். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து கிணறு, போர், ஒயர் போகும் வழி, தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்லி முதல் நாளே மனுப் போடச் சொல்லுங்கள். வழக்குத் தாக்கலான சேதி தெரிந்ததும் ஒயர் இடம் மாறிவிடும், அதனால்தான் சொல்கிறேன்.

கடைசியாக, இந்தப் பட்டத்தில் வெங்காயம் நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேளாண்மை அலுவலரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்று மட்டும் நான் சொல்ல முடியும். எதை நட்டாலும், அரை ஏக்கர் மட்டுமே நட்டாலும், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பயிரையும் பாசனக் கிணற்றையும் சரியாக ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் நிலத்தின் அடங்கலில் சில வருடங்களாக ‘தரிசு’ என்றே இருக்கிறது. நிலம் தரிசு என்றால் தண்ணீர் குறைந்ததால் என்ன நஷ்டம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.